வகைப்பாட்டின் அடிப்படை: மாநாட்டுத் தலைமை உரை

உயிரினங்களை எந்தப் பண்பைக் கொண்டு பிரிப்பது என்பதே வகைப்பாட்டியலின் முதல் கேள்வி. அதன் வரலாறு முழுவதும் இக்கேள்விக்கு மாறிமாறிக் கிடைத்த விடைகள்தாம். அரிஸ்டாட்டில் விலங்குகளைச் செங்குருதி உடையவை, இல்லாதவை என இரண்டாக்கினார். தொல்காப்பிய மரபியல் புலன்களை எண்ணியது. அதன்படி எறும்பு மூவறிவு. நண்டும் தும்பியும் நான்கறிவு. பின்னிரண்டும் ஒன்றாக நிற்பதை இன்றைய விலங்கியல் ஏற்கும். எறும்பு அவற்றிலிருந்து பிரிந்து நிற்பதை ஏற்காது.

அதே மரபியல், வைரம் புறத்தே இருப்பது புல், அகத்தே இருப்பது மரம் என்கிறது. அவ்வகையில் பனை புல்லாகும். பனையை அறுப்பவர்கள் வெளிப்புறத்துக் கருத்த வைரத்தைக் கைமரத்துக்கு எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள சோற்றைக் கழித்துவிடுவர். வேம்பில் வைரம் நடுவே இருக்கும், வெளிறு சுற்றிலும் இருக்கும். இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் ஒருவிதையிலைத் தாவரங்களில் சேர்த்து, வேம்பை வேறாக வைக்கிறது. இதைக் காட்டி, எல்லாம் அன்றே கண்டறியப்பட்டுவிட்டது எனப் பெருமை பேசுவது மிகை. தண்டைப் பிளந்து பார்த்தவர்களின் கூர்ந்த கவனம் அது. அந்த அளவுக்கே அது பெரிது.

லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட நூலில் தாவரங்களை, முதன்மையாக மகரந்தத் தாள்களைக் கொண்டு, 24 வகுப்புகளாக்கினார். எண்ணத் தெரிந்தவர் எவரும் பயன்படுத்தலாம் என்பது அம்முறையின் வெற்றி. உறவற்ற செடிகள் ஒரே வகுப்பில் அடைபட்டது அதன் குறை. முதலில் மீன்களோடு வைத்த திமிங்கிலத்தை அவரே 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் பாலூட்டிகளுக்கு மாற்றினார். நிலைத்தது அவருடைய இருசொற்பெயர் முறை: தாவரப் பெயர்களுக்கு 1753, விலங்குப் பெயர்களுக்கு 1758 தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன.

டார்வினின் 1859ஆம் ஆண்டு நூலுக்குப் பின் வகைப்பாடு என்பது வம்சாவளியைத் தேடும் பணியாயிற்று. மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் சேர்ந்ததே குழு என்று ஹென்னிக் 1950இல் வரையறுத்தார். அவ்வரையறையில் பறவைகளை விலக்கிய ஊர்வன என்னும் வகுப்பு நிற்காது. முதலைக்குப் பல்லியைவிடக் கோழியே நெருங்கிய உறவு. நுண்ணுயிர்களில் மாற்றம் இன்னும் ஆழமானது. விட்டேக்கர் 1969இல் ஐந்து உலகங்களைக் கூறினார், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்ட வோஸ், 1990இல் உயிர்கள் அனைத்தையும் மூன்று பெரும்பிரிவுகளாக்கினார்.

மரபணு ஆய்வின் விளைவு தமிழ்நாட்டுச் செடிகளிலும் தெரிகிறது. தேக்கும் நொச்சியும் துளசியின் குடும்பத்துக்குப் போயின. எருக்கு அரளியின் குடும்பத்தில் சேர்ந்தது. பெருஞ்சிக்கல் அக்கேசியாவில் எழுந்தது. அப்பேரினம் பல கிளைகளாக உடைந்தபோது, விதிப்படி பெயர் கருவேலம் இருந்த கிளைக்கே உரியது. ஆனால் ஆஸ்திரேலியக் கிளையில் ஏறத்தாழ ஆயிரம் இனங்களின் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே 2005இல் வியன்னா தாவரவியல் மாநாடு அப்பெயரை அக்கிளைக்கு வழங்கியது; எதிர்ப்பையும் மீறி 2011இல் மெல்போர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது. இன்று கருவேலத்தின் பெயர் வச்செலியா நிலோட்டிகா. நீலகிரிப் புல்வெளிகளை மூடிய அயல்நாட்டு வாட்டில் மரமோ அக்கேசியாவாகவே நீடிக்கிறது. உறவைச் சொன்னது மரபணு. பெயரைத் தீர்மானித்தது வாக்கெடுப்பு. இவ்விரண்டையும் பாடநூல்கள் பிரித்துக் காட்டுவதில்லை.

கல்லூரிகளில் பெந்தம்–ஹூக்கர் முறை இன்னும் கற்பிக்கப்படுகிறது. செடியை அடையாளம் காண அது போதும். உறவைச் சொல்ல அது போதாது. பெயர்கள் இனியும் மாறும். எந்தச் செடி ஆராயப்பட்டது என்பதற்கு உலர்தாவரத் தாளே சான்று. ஆகவே இம்மாநாட்டின் கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் பழைய பெயர், புதிய பெயர், ஊர் வழக்குப் பெயர் ஆகியவற்றோடு மாதிரியின் சேகரிப்பு எண்ணும் அது வைக்கப்பட்டுள்ள இடமும் தவறாமல் இடம்பெற வேண்டும்.