ரீலோட் போடுமுன் கணக்குப் பாருங்கள்



2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு சேர்ந்தபின், நமக்கு மிஞ்சியவை டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றுதான். எது மலிவு என்று பிரட்டுக்களத்தில் கேட்கிறீர்கள். விலையை மட்டும் பார்க்காதீர்கள். 28 நாள் பெக்கேஜ் என்றால் வருடத்துக்கு 13 தரம் காசு போகும். ஜிபி நிறையக் காட்டுவார்கள். அதில் பெரும்பங்கு நள்ளிரவுக்குப் பிறகு பாவிப்பதற்காக இருக்கலாம். விடிய எழும்பிக் கொழுந்துக்குப் போகிறவருக்கு அது எதற்கு? மேட்டு லயத்தில் எடுக்கிற சிக்னல் பள்ளத்து லயத்தில் எடுக்காது. சிம் வாங்குமுன் பக்கத்து வீட்டாரின் போனை வாங்கி, உங்கள் வாசலில் நின்று பேசிப் பாருங்கள்.

குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ரோமிங்கில், வீட்டிலிருந்து வரும் அழைப்பை எடுத்தாலும் உங்கள் காசுதான் கழியும். பேசுவதற்கு அந்த நாட்டு சிம்மை வாங்குங்கள். டேட்டா ரோமிங்கை விமானம் ஏறுமுன்பே நிறுத்துங்கள். ஆனால் இந்த நம்பரை விட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி இதற்குத்தான் வரும். போகும் நாட்டில் ப்ரீபெய்டுக்கும் ரோமிங் உண்டா என்று கம்பனியிடம் கேட்டு, இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள். ரீலோட் போடாமல் நீண்டநாள் கிடந்தால் நம்பர் செத்துவிடும். மாதாமாதம் சின்னதாய் ஒன்றை வீட்டிலிருப்பவர் போடட்டும்.