உப்பும் சர்க்கரையும் உயிர் காக்கும்



1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவரவே, டாக்டர் திலீப் மகாலனாபிஸ் குளுக்கோசையும் உப்பையும் நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது.

அளவறிந்து கலப்பது வேதியியல். சர்க்கரை துணையிருந்தால் குடல் உப்பை ஏற்கும், நீரும் பின்தொடரும் என்பது உயிரியல். பலனை மெய்ப்பித்தது புள்ளியியல்.

வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்தும் பழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அதை விட்டொழிப்போம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் குறித்த அளவு தூய நீரில் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுவோம், தாய்ப்பாலையும் தொடர்வோம், மருத்துவரிடமும் செல்வோம். செபமும் அறிவும் இறைவனின் கொடைகளே. இல்லந்தோறும் ஒரு பொட்டலம் வைத்திருப்போமாக!