பாம்புக்கும் ஒரு பாலிசி

மாட்டை இன்ஷ்யூர் செய்வது நம் நாட்டில் புதுமை அன்று. கறவைப் பசு வாங்கப் பாங்கில் கடன் பெறும் குடியானவர் அப்போதே அதன் உயிருக்கும் ஒரு பாலிசி எடுத்துவிடுகிறார். குதிரைக்கும் யானைக்கும் பாலிசி உண்டு. நாய்க்கும் பூனைக்கும் உண்டு. ஆனால் வீட்டில் மலைப்பாம்பும் ஆமையும் இகுவானாவும் வளர்க்கும் ஒருவர் இன்ஷ்யூரன்ஸ் அலுவலகத்தின் படியேறினால் என்ன நிகழும்?

இக்கேள்வியைக் கேட்டு நேயர்களிற் சிலர் புன்னகை செய்யலாம். ஆயினும் நம் பெருநகரங்களில் இத்தகைய பிராணிகளை வளர்ப்போர் இன்று மெய்யாகவே இருக்கின்றனர். இருபது உயிர்களும் அவற்றுக்குரிய கண்ணாடிப் பெட்டிகளும், வெப்ப விளக்குகளும் சேர்ந்தால் சில லட்சம் ரூபாய் அதில் முடங்கிவிடுகிறது. ஒரு தீ விபத்தோ, ஒரு தொற்று நோயோ, ஒரு திருட்டோ நேர்ந்தால் அத்தனையும் ஒரே இரவில் போய்விடக் கூடும். நஷ்டம் உண்டு என்றால் அதற்குக் காப்பு வேண்டும் என்று எண்ணுவது இயல்பேயன்றோ?

அலுவலர் விண்ணப்பத் தாளை நீட்டுகிறார். பிராணியின் அடையாளம் யாது என்று அது வினவுகிறது. மாடாயின் காதில் வில்லை பூட்டியிருக்க வேண்டும். வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது மாட்டு இன்ஷ்யூரன்ஸில் ஊரறிந்த விதி. பாம்புக்குக் காதுக்கு எங்கே போவது? இதற்கு வழி இல்லாமல் இல்லை. அரிசி மணியளவே உள்ள மைக்ரோசிப் ஒன்றை மருத்துவர் ஊசியின் மூலம் தோலுக்கடியில் செலுத்திவிடலாம். அதிலுள்ள 15 இலக்க எண்ணை ஒரு கருவி படித்துச் சொல்லிவிடும். மேலும், பந்து மலைப்பாம்பின் மேனியிலுள்ள கோலம் ஒன்றுக்கு இருப்பது போல் மற்றொன்றுக்கு இராது. ஆமையின் அடியோட்டையும் புகைப்படம் எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

வயதுக் கேள்வியோ இவ்வளவு எளிதில் தீராது. நாய்க்குச் சுமார் பத்து வயதாகிவிட்டால் புதிய பாலிசி தரக் கம்பெனிகள் தயங்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலையில் இருந்த பந்து மலைப்பாம்பு ஒன்று, 60 வயதைக் கடந்த பிறகு, ஆண் துணை ஏதுமின்றி 2020ஆம் ஆண்டில் முட்டையிட்டது! ஆமையோ பெரும்பாலும் வளர்ப்பவரையே வழியனுப்பிவிட்டு வாழும். இத்தகைய பிராணிக்கு எந்த வயதில், எத்தனை பிரீமியம் விதிப்பது? கம்பெனிகள் தயங்குவதற்குக் காரணம் பாம்பிடம் உள்ள அச்சம் என்று கருத வேண்டாம், காரணம் கணக்கு. பல்லாயிரம் மாடுகள் இருப்பதனால், ஆண்டுக்கு நூற்றில் எத்தனை இறக்கும் என்று மதிப்பிட முடிகிறது. வீட்டு மலைப்பாம்புகளுக்கு அத்தகைய மரணக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாத இடத்தில் பிரீமியம் உயரும், அல்லது கதவு சாத்தப்படும். நாய், பூனை என்று பெயர் குறித்த பாலிசிகளே கேட்டவுடன் கிடைப்பவை. ஊர்வனவற்றுக்கு வேண்டுவோர் தனியே எழுதிக் கேட்டுப் பேசித்தான் பெற வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது சட்டம். எந்தப் பொருள் அழிந்தால் ஒருவருக்குச் சட்டம் ஒப்பும் நஷ்டம் உண்டாகுமோ, அந்தப் பொருளையே அவர் இன்ஷ்யூர் செய்ய இயலும். நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் தரும் என்று நம்பிப் பலர் வீட்டில் வைத்திருக்கின்றனர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்யப்பெற்று, 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அது முதல் அட்டவணையில் உள்ளது. நம் நாட்டு மலைப்பாம்பும் அவ்வாறே. இவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகையால், இன்ஷ்யூரன்ஸ் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

அயல்நாட்டு இனங்களின் நிலை வேறு. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு, அமெரிக்கக் கண்டத்தின் பச்சை இகுவானா போன்றவை சர்வதேச வாணிப உடன்படிக்கையின் பட்டியலில் அடங்கியவை. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி இவற்றை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பெற்றால் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குட்டி பிறந்தாலும், பிராணி இறந்தாலும், கைமாறினாலும் தெரிவித்தாக வேண்டும். இதனைத் தொல்லை என்று சலித்துக் கொள்வோர் உண்டு. என் கருத்தோ வேறு. வளர்ப்பவருடைய உரிமைக்கு அந்தப் பதிவுச் சான்றே முதற் சாட்சி. விலை ரசீதும் அதனுடன் இருந்தால் மதிப்பு பற்றிய வழக்கிலும் பாதி தீர்ந்துவிடும். ஒரே இனத்துப் பாம்பில், நிறம் சற்று மாறினால் விலை பன்மடங்கு மாறுகிறது. ரசீது இல்லையேல் அந்த விலையை எவர் நம்புவார்?

ஏஜண்டு சிலர் உதவி செய்யும் எண்ணத்துடனேயே, "பறவை என்று எழுதிவிடலாமே" என்பர். அதற்கு ஒருபோதும் இணங்கலாகாது. இன்ஷ்யூரன்ஸ் ஒப்பந்தம் முழு வாய்மையின் மேல் நிற்பது. முக்கியமான உண்மையை மறைத்தால், பிரீமியம் கட்டிய பின்னரும் பாலிசி செல்லாமற் போகலாம். வீட்டுப் பொருள்களுக்கென்று பாலிசி வைத்திருப்பவர்களும், உயிருள்ளவை அந்தக் கணக்கில் சேருமா என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்தல் வேண்டும். வெப்ப விளக்குகள் இரவும் பகலும் எரியும் அறை தீ அபாயத்தைக் கூட்டுவது. அதையும் சொல்லிவிடுவதே நன்று.

நோய் பற்றிய ஷரத்தைவிட மின்சாரம் பற்றிய ஷரத்தை நான் கவனமாகப் படிப்பேன். ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக் கொள்வன அல்ல. வெளிச்சூட்டை நம்பி வாழ்பவை. டில்லிக் குளிர்காலத்தில் இரவு முழுதும் மின்சாரம் நின்றாலும் ஆபத்து; வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகிச் சூடு ஏறினால் அதனினும் ஆபத்து. கருவிப் பழுதினால் நேரும் சாவுக்குப் பொறுப்பில்லை என்று பாலிசியில் ஓரிடத்தில் எழுதியிருக்குமாயின், மெய்யான அபாயத்துக்கு அங்கே காப்பு இல்லை என்றே பொருள். மேலும், இருபது பிராணிகள் ஒரே அறையில் இருந்தால் கம்பெனிக்கு அது இருபது தனித்தனி அபாயமாகத் தோன்றாது. ஒரே பெரிய அபாயமாகவே தோன்றும். புதிதாக வந்த பிராணியைத் தனியறையில் சில வாரம் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு என்று காட்ட முடிந்தால், பேச்சு எளிதாகும்.

பிராணியின் உயிருக்கான காப்பு கிடைக்காவிட்டாலும், அயலாருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்புக் காப்பை மட்டும் விடாமல் தேட வேண்டும் என்பது என் எண்ணம். பாம்பு இறந்தால் நஷ்டம் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவந்தாலே அதனை ஈடுகட்டலாம். பாம்பு தப்பிப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து, அதைக் கண்ட முதியவர் ஒருவர் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த நஷ்டத்துக்கு எல்லை எங்கே? பாரதிய நியாய சம்ஹிதையின் 291ஆம் பிரிவு, பிராணியைக் கவனக் குறைவாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. நஷ்டஈட்டு வழக்கு அதற்குப் புறம்பானது. பிரிட்டனில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாகம் போன்ற ஆபத்தான பிராணியை வளர்க்க லைசென்ஸ் பெறுபவர் இத்தகைய பொறுப்புக் காப்பை வைத்திருந்தே ஆக வேண்டும். அங்கே இது நிபந்தனை. இங்கே வளர்ப்பவரே கேட்டுப் பெற வேண்டியது. நம் நாட்டிலும் இதைக் கட்டாயமாக்கினால் தவறில்லை என்பேன்.

பாலிசி கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். பிராணி இறந்தால் உடனே புதைத்துவிடக் கூடாது. கம்பெனிக்கு அன்றே தெரிவிக்க வேண்டும். இறப்புக்குக் காரணம் கூறும் பிரேதப் பரிசோதனைச் சான்று தேவைப்படும். ஊர்வனவற்றை நன்கு அறிந்த கால்நடை மருத்துவர்கள் சிலரே. ஆதலின் அவரது முகவரியையும், அவர் எந்நாளில் இருப்பார் என்பதையும் முன்பே அறிந்து வைத்திருத்தல் வேண்டும். அவரிடம் கொண்டு செல்லும் வரை உடலைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். உறைய வைத்தால் தசை சிதைந்து பரிசோதனை பயனற்றதாகும். பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டிவைப்பது, வீட்டில் உள்ள மற்றவர்களுக்குச் செய்யும் உதவி.