கடலில் கோடு போட்டவர்கள்

நடுவர் அவர்களே! நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது வெறும் சடங்காம். எதிரணி நண்பர் சொல்கிறார். தங்கச்சிமடம் கடற்கரைக்கு வந்து சொல்லுங்கய்யா, பார்ப்போம்!

ஒரு காலத்திலே சென்னையிலே ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்பு போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அப்புறம் கப்பல், தலைமன்னாரிலே மறுபடியும் ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பத்து வருஷம் கழித்து, 1974 ஜூனில், ஒப்பந்தம் கடலிலே கோடு போட்டது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போச்சு.

ஜூலை 23, மக்களவை. ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்தார். வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் என்ன சொன்னார்? மீன்பிடி உரிமையும் யாத்திரை உரிமையும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன என்றார். 1976 மார்ச்சிலே இரு நாடுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன: அவரவர் கடலில் அவரவரே மீன் பிடிக்கணும். இறாலுக்குக் கடிதம் படிக்கத் தெரியுமா, ஐயா?

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நம்ம இழுவைமடியிலே வலை அறுந்து அக்கரையில் அழுகிறவனும் தமிழன்தான். அதையும் சபையில்தான் பேசணும்.

படகு பறிபோய், வீட்டுக்காரர் யாழ்ப்பாணச் சிறையிலே இருக்க, இங்கே ஒருத்தி நிற்கிறாள். ‘பாதுகாத்தோம் என்றீர்களே, எங்கே?’ என்று அவளுக்காகக் கேட்க, அந்த 1974 அறிக்கை அச்சிலே இருக்கிறது. அமைச்சர் அதைச் சபையில் சொல்லாமல் டீக்கடையில் சொல்லியிருந்தால், யார்கிட்டே போய்க் கேட்பது, நடுவர் அவர்களே?