எங்கள் வீட்டுக் கிளிகள்

எமது இல்லத்தில் மூன்று பச்சைக்கிளிகள் உள. வளர்ந்த ஆணுக்கே உரிய கழுத்து வளையம் அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் உண்டு. விடியுமுன் தொடங்கும் ஆரவாரம் விளக்கேற்றும்வரை ஓயாது. கொய்யாப்பழத்தை ஒரு காலால் ஏந்திப் பாதியை உண்டு, மீதியைத் தரையில் இறைக்கும். கூண்டைத் துப்புரவு செய்பவர் என் மனைவியார். கிளி வளர்ப்பவர் என்ற பெயரோ எனக்கு!

ஆண்கிளிக்கு "வணக்கம்" சொல்ல ஆறு மாதம் கற்பித்தேன், பயனில்லை. கிளிக்கு ஒலி பிறப்பது நம்மைப்போற் குரல்வளையில் அன்று. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தே. அவ்வுறுப்பில் யாதொரு குறையும் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஒரு மாலை, வீட்டிற்குப் பாடங்கேட்க வந்த சிறுவன் ஐயமொன்றை வினவ எழுந்தான். "பேசாமல் இரு!" என்றது கூண்டு. குரல் என்னுடையது. சிறுவன் கூண்டைப் பாராது, என்னைப் பார்த்தவாறே அமர்ந்துவிட்டான். அவனை மீண்டும் எழுப்பி, அவ்வையத்தைக் கேட்டேன்.