களை எடுக்கும் கைகளும் ஒவ்வாமையும்

 

வெள்ளி விழா மேடையில் ஒரு களைச்செடியைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நம் தருமபுரி மாவட்டத்துச் சாலையோரங்களிலும் தரிசுகளிலும் வெண்ணிறப் பூக்களோடு நிற்கும் பார்த்தீனியம், நம் மக்களின் உடல்நலத்தோடு மட்டுமன்றி மானத்தோடும் தொடர்புடையது. ஆதலின் பேசுகிறேன்.

அமெரிக்க வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, 1950-களின் நடுவில் புனே நகரில் கண்டறியப்பட்டது. ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்குமாதலால் நாடெங்கும் பரவிவிட்டது. 1984-இல் பெங்களூரில் இதனைத் தின்னும் மெக்சிகோ வண்டுகளை விட்டுப் பார்த்தனர். ஆயினும் செடி அழிந்தபாடில்லை.

இதன் இலையிலும் பூவிலும் 'பார்த்தீனின்' எனும் நச்சுப்பொருள் உண்டு. வெறுங்கையால் களை பறிப்போர்க்குத் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமற் போகலாம். உடலின் காப்பாற்றல் அதனைப் பகையென்று கண்டுகொண்ட பின்னரோ, சிறிது பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, தடித்து, அரிக்கும். காய்ந்த செடியின் துகள் காற்றில் பறந்து முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவற்றைத் தாக்கும். மகரந்தம் சிலருக்குத் தும்மலும் இரைப்பும் தரும். இதுவே ஒவ்வாமை. 1906-இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே இதற்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். அடுப்புப் புகையும் புழுதியும் எவர் கண்ணையும் கரிக்கும். இரைப்பு உள்ளவர்க்கோ அவை எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தாற்போலாகும்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வாமை ஒட்டுவாரொட்டி நோயன்று. தொட்டால் பரவாது. தடித்த தோலைக் கண்டு குவளையை ஒதுக்குவதும், பிள்ளையைத் தனியே உட்கார வைப்பதும் அறியாமை. அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு ஒழித்த தீண்டாமை, நோயின் பெயரால் புறவாசல் வழியே நுழைய இடங்கொடுக்கலாகாது. இந்நோய் பிறப்பால் வந்ததன்று. செய்யும் வேலையால் வந்தது.

எனவே, செடியைப் பூக்குமுன் வேரோடு பறித்திடுக. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்திடுக. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவி, உடையைத் துவைத்திடுக. முன்னரே ஒவ்வாமை கண்டவர் இச்செடியை அண்டலாகாது. பள்ளிச் சிறாரை வெறுங்கையோடு இதனைப் பறிக்கவிடுதல் தகாது. கடையில் கேட்டு வாங்கும் களிம்பை நெடுநாள் பூசினால் தோல் மெலியக்கூடும். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையுறை கேட்பது உழைப்பவர் உரிமை. கொடுப்பது வேலை வாங்குவோர் கடமை. அடுத்த மழைக்காலத்திற்குள் களையெடுக்கும் நம் தாய்மார் அனைவர்க்கும் இச்சங்கம் கையுறை வழங்குமாயின், அதுவே இவ்விழாவின் நிலைத்த நினைவாகும் என்று கூறி அமைகிறேன்.