விடையும் நிறுவலும்



கண்டி மாநகரின் வடபால் உள்ள மஹய்யாவவிலே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. அங்குள்ள இல்லமொன்றில் மாணவி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் மூன்று பாடங்களிலும் நற்சித்தி எய்தி, பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்திற்கு அவள் தெரிவாகியிருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் புகும் முதற் பிள்ளை அவளே. ஆனால், மூன்று மாதங்கள் கழிவதற்குள், "இனிக் கணக்கு எனக்கு வராது" என்று மனஞ் சோர்ந்துவிடுகிறாள். பாடசாலையிற் கணக்கிற் புலி என்று பெயரெடுத்தவளுக்கு நேர்ந்தது யாது? அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மொழியே தடை என்று பலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. எல்லை, தொடர், தாயம், காவி என்று தமிழிற் கற்றவற்றையெல்லாம் அவள் இப்போது ஆங்கில விரிவுரைகளிற் கேட்க வேண்டியிருக்கிறது. எனினும், ஆங்கிலம் நன்கறிந்த மாணவரும் இதே இடத்தில் இடறி விழுவதைக் காண்கின்றோம். ஆகவே காரணம் இன்னும் ஆழமானது. பாடசாலையில் "விடை என்ன?" என்று கேட்டார்கள். பல்கலைக்கழகத்தில் "அது எவ்வாறு உண்மையாயிற்று?" என்று கேட்கிறார்கள். கேள்வி மாறியதை அவளுக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

காதால் கேட்டே விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் உதாரணத்தைக் கூறுகிறேன். நம் மாணவி மஹய்யாவவிலிருந்து பேராதனையை நோக்கி நடக்கிறாள். முதலாம் அடி ஒரு மீற்றர். இரண்டாம் அடி அரை மீற்றர். மூன்றாம் அடி மூன்றிலொரு பங்கு. நான்காம் அடி காற்பங்கு. இவ்வாறு அடிகள் குறுகிக்கொண்டே போகின்றன. அவளுக்கு ஆயுள் முடிவின்றி நீளுமாயின், பேராதனையை அடைவாளா?

கணித்துப் பார்ப்போம். பத்து மீற்றர் தூரத்தைக் கடப்பதற்கே 12,367 அடிகள் வேண்டும். ஓர் இலட்சம் அடி வைத்தாலும் பதின்மூன்று மீற்றரைத் தாண்டமாட்டாள். எங்கோ ஓரிடத்தில் அவள் முடங்கிவிடுவாள் என்றே எவருக்குந் தோன்றும். அந்த எண்ணம் தவறு.

மூன்றாம் நான்காம் அடிகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் காற்பங்குக்குக் குறையாது. எனவே இரண்டுஞ் சேர்ந்து அரை மீற்றருக்குக் குறையா. ஐந்து முதல் எட்டு வரையுள்ள நான்கு அடிகளில் ஒவ்வொன்றும் எட்டிலொன்றுக்குக் குறையாது. அவையுஞ் சேர்ந்து அரை மீற்றர். அடுத்த எட்டு அடிகளும் அவ்வாறே. அதற்கடுத்த பதினாறும் அவ்வாறே. அரை அரையாக முடிவின்றிச் சேர்ந்துகொண்டே போவதால், பேராதனை மட்டுமன்று, எத்துணைத் தொலைவும் ஒரு நாள் கடக்கப்படும். 14ஆம் நூற்றாண்டில் நிக்கொல் ஒரேம் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய நிறுவல் இது.

மாறாக, ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று ஒவ்வோரடியும் முன்னையதிற் பாதியாகக் குறையுமாயின், அவள் என்றென்றும் இரண்டு மீற்றரைத் தாண்டமாட்டாள். இரண்டு பயணங்களிலும் அடிகள் குறுகுகின்றன, முடிவோ வேறு. முன்னையதை விரியுந் தொடர் என்றும், பின்னையதை ஒருங்குந் தொடர் என்றும் கூறுவர். வெறுங் கணிப்பு இவ்வேற்றுமையைக் காட்டித் தராது, நிறுவலே காட்டும். மெய்யெண் பகுப்பாய்வு என்ற பாடநெறியின் உயிர்நிலை இதுதான். மூன்றாண்டுப் பட்டமாயினும் நான்காண்டுச் சிறப்புப் பட்டமாயினும், கணிதம் பயில்பவர் இவ்வாயிலைக் கடந்தே செல்லவேண்டும்.

நம்மவர் இவ்வாயிலைக் கடப்பது புதிதன்று. 1921ஆம் ஆண்டிற் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அதன் மாணவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்குத் தோற்றினர். அங்கே கணிதப் பேராசிரியராக விளங்கியவர் செ. சுந்தரலிங்கம். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. கேம்பிரிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞரின் மாணவராய் ஆராய்ச்சி செய்த கி. ஜெ. எலியேசர், பின்னர் அப்பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியரானார். 1952இற் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. 1961இல் அங்கு விஞ்ஞான பீடமும் அமைந்தது. அன்று கப்பலேறிச் சென்று கற்ற கல்வி இன்று மஹய்யாவவிலிருந்து பேருந்தேறிச் சென்று கற்கக்கூடியதாயிருக்கிறது. அண்மையில் வந்த கல்வியை அஞ்சி விட்டுவிடலாமா?

மாணவர்க்கு மூன்று சொற்கள். முதலாவது, நிறுவலை மனனஞ் செய்யாதீர்கள். நூலை மூடிவிட்டு, உங்கள் சொந்த வாக்கியங்களில் எழுதுங்கள். முதலிற் தமிழில் எழுதினாலும் குற்றமில்லை. தாய்மொழியில் விளங்கிய பொருள் பிறமொழியிலும் துணை நிற்கும். இரண்டாவது, தேற்றத்திற் கூறப்பட்ட ஒவ்வொரு நிபந்தனையும் நிறுவலில் எவ்விடத்திற் பயன்பட்டதென்று தேடுங்கள். அதனை நீக்கினால் எது இடிந்து விழுமென்று பாருங்கள். மூன்றாவது, ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மாலைப்பொழுது சென்றால் நாணாதீர்கள். கணித நூலை நாவல் போல வாசித்தல் இயலாது.

பாடசாலை ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கடந்தகால வினாத்தாள்களுக்கு நடுவே, வாரத்தில் ஒரு நாளாவது, "இது ஏன் உண்மை?" என்று வகுப்பைக் கேளுங்கள். அக்கேள்வியை முன்னரே சந்தித்த பிள்ளை பேராதனையில் மருளாது.

நம் மாணவிக்கு அறிவு குறைந்துவிடவில்லை. அவள் அடிகள் குறுகியது போலத் தோன்றுகின்றன, அவ்வளவே. அடிகள் குறுகுவதனால் மட்டும் பயணம் நின்றுவிடாது என்பதை இப்போது நாம் நிறுவியிருக்கிறோம்.